அன்று ஓட்டியவர் யார்?

பிரிட்டனில் 1950களிலும் 1960களிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தொடங்கி இன்று முதுமையை எட்டியிருப்பவர்கள், டிரையம்ப், பிஎஸ்ஏ, நார்ட்டன், ராயல் என்ஃபீல்டு வண்டிகளையும் தம் முதல் ஓட்டத்தையும் நினைவுகூரும்போது இரண்டு கூற்றுகளை ஐயமின்றி முன்வைக்கிறார்கள்: கொட்டகையில் நிற்பது அன்று ஓட்டிய அதே வண்டி என்பது ஒன்று, அதை ஓட்டியவர் தாமேதான் என்பது மற்றொன்று. அன்றாடப் பேச்சில் எவரும் தடுத்துக் கேட்காத இவ்விரு கூற்றுகளும், பொருளும் ஆளும் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கையில் எது தொடர்வதால் 'அதே' என்ற சொல் பொருந்துகிறது என்னும் பழைய தத்துவச் சிக்கலைத் தம்முள் கொண்டுள்ளன. அறிஞர்கள் இச்சிக்கலைக் கப்பலையும் தேரையும் வைத்தே பெரும்பாலும் ஆராய்ந்திருக்கிறார்கள். எண்ணெய் கசியும் எஞ்சினை வைத்து ஆராயும்போது அவர்கள் அதிகம் கவனியாத ஒன்று தென்படுகிறது.

அவ்வண்டிகளைச் செய்த தொழிலின் வரலாற்றிலேயே இச்சிக்கலின் வித்து இருக்கிறது. எட்வர்ட் டர்னர் வடிவமைத்து டிரையம்ப் நிறுவனம் 1937இல் வெளியிட்ட 'ஸ்பீட் ட்வின்' என்ற இரட்டைச் சிலிண்டர் வண்டி பிற பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு முன்மாதிரியாயிற்று. அதன் வழியில் 649 சிசி 'போன்வில்' 1959இல் வந்தபோது, மணிக்கு 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர் என்ற வேகம், தொழிலாளர் வீட்டு இளைஞருக்கும் எட்டாக்கனியாக இல்லை. ஆயினும் பலரின் முதல் ஓட்டம் அத்தகைய வண்டியில் நிகழவில்லை. தந்தி கொண்டுசெல்லும் அஞ்சல் துறைப் பையன்களும் ஓட்டிய பிஎஸ்ஏ 'பேன்டம்' என்ற எளிய ஊர்தியில்தான் நிகழ்ந்தது. 1948இல் 125 சிசி எஞ்சினோடு வெளிவந்த இந்தப் பேன்டம், தோற்ற ஜெர்மனியிடமிருந்து போர் இழப்பீடாகப் பெற்ற டிகேடபிள்யூ வண்டியின் வடிவமைப்பிலிருந்து உருவானது என்பது பிரிட்டிஷ் பெருமிதப் பேச்சில் எளிதில் விடுபட்டுப்போகும் செய்தி. கற்பவர்கள் 250 சிசிக்கு மேற்பட்ட, பக்கப்பெட்டி இணைக்காத வண்டியை ஓட்டக்கூடாது என்று 1961இல் சட்டம் கட்டுப்படுத்தியது. ஜப்பானிய வண்டிகளின் போட்டியாலும் நிர்வாகத்தின் மெத்தனத்தாலும் 1970களில் இத்தொழில் சரிந்தது. மூடப்படவிருந்த டிரையம்ப்பின் மெரிடன் ஆலையை 1973இல் தொழிலாளர்கள் முற்றுகையிட்டுத் தம் வசமாக்கி, பின்னர் கூட்டுறவாக 1983 வரை நடத்தியதோடு பழைய டிரையம்ப்பின் கதை முடிந்தது. ஆலைகள் மறைந்தபின், எஞ்சிய வண்டிகள் ஒன்றின் உறுப்பை மற்றொன்று பெற்றே உயிர் வாழ்கின்றன.

இந்நிலையில் முதற்கூற்று என்ன ஆகிறது? தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டதையும், அது அதே கப்பல்தானா என்று மெய்யியலார் வாதிட்டதையும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குறிப்பிடுகிறார்; கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அக்கேள்வியை மேலும் இறுக்கினார். மெய்யியலாருக்குக் கற்பனையாக இருந்த இது பழைய வண்டிகளைச் செப்பனிடும் பட்டறையில் அன்றாட வேலை: ஒரு வண்டியின் சட்டகம், இன்னொன்றின் எஞ்சின், மூன்றாவதன் சக்கரம், புதிதாகச் செய்த பெட்ரோல் தொட்டி. சட்டகத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் ஆலைப் பதிவோடு ஒத்துப்போனால் விலை ஏறுகிறது. ஆனால் எண் ஒரு பதிவேட்டு வசதியே அன்றி வண்டியின் ஆன்மா அன்று. பர்மிங்காம் அருகிலுள்ள தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகத்தில் 2003 செப்டம்பரில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கான வண்டிகள் கருகியபோது, அவற்றுள் பலவற்றை மீண்டும் உருவாக்கிக் காட்சிக்கு வைத்தார்கள். பொருளைக் கொண்டு மட்டும் அளந்தால், பார்வையாளர்கள் இன்று அங்கே காண்பதில் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று பிரித்துக்கூறுவது அரிது.

இரண்டாம் கூற்றும் அத்தனை உறுதியானதன்று. ஒருவர் தம் கடந்தகாலச் செயலை உணர்வில் மீட்டெடுக்க முடியும் அளவுக்கே அவர் அதே ஆள் என்று ஜான் லாக் 1694இல் வாதிட்டார். இதற்கு மறுப்பாகத் தாமஸ் ரீட் 1785இல் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தார்: சிறுவயதில் பழத்தோட்டத்தில் திருடி அடிவாங்கியவன் பின்னர் வீர அதிகாரியாகி, இறுதியில் தளபதியாகிறான், அதிகாரிக்குச் சிறுவன் வாங்கிய அடி நினைவிருக்கிறது, தளபதிக்கு அதிகாரியின் வீரச்செயல் நினைவிருக்கிறது, ஆனால் அடி நினைவில்லை, எனில் தளபதி அச்சிறுவனா, அல்லனா? முதல் ஓட்டத்தைப் பற்றிய நினைவில் இதைவிட நுட்பமான இடர் ஒன்று உண்டு. மறதி அங்கே சிக்கலே இல்லை. பல்லாண்டுகளாகச் சொல்லிச்சொல்லித் தேய்ந்து வழவழப்பான கதையைச் சொல்பவர், நிகழ்ச்சியை நினைக்கிறாரா, முன்னர் தாம் சொன்னதை நினைக்கிறாரா என்பதை அவராலேயே பிரித்தறிய இயலாது.

இந்திய மரபில் நியாய நூலார் இதை வேறு வழியில் அணுகினார்கள். முன்பு இன்பம் தந்த பொருளை மீண்டும் கண்டவுடன் விருப்பம் எழுகிறது. அன்று இன்பம் துய்த்தவரும் இன்று விரும்புகிறவரும் ஒருவரே அல்லாவிடில் அவ்விருப்பம் எழ வழியில்லை. ஆகவே விருப்பமே ஆன்மா உண்டென்பதற்கு ஓர் அடையாளம் என்பது நியாய சூத்திரத்தின் முதல் இயலும் அதற்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரையும் தரும் வாதம். பழைய போன்வில்லைக் கண்டதும் முதியவரின் கை தானாக முடுக்குப்பிடிக்கு நீள்வதை இவ்வாதத்திற்குச் சான்றாகக் காட்டலாம். பௌத்தர்கள் இதை ஏற்கவில்லை. ஒரு கணத்து உணர்வு அடுத்த கணத்துக்குத் தன் பதிவைக் கையளித்துச் செல்லும் தொடரோட்டம், அதாவது சந்தானம், இருந்தாலே விருப்பம் எழப் போதுமானது. நிலையான ஒருவர் நடுவே தேவையில்லை என்பது அவர்கள் விடை.

இவ்வழக்கில் இரு தரப்பும் கவனிக்க வேண்டிய சான்று கையிலும் காலிலும் இருக்கிறது. பிரெஞ்சு மெய்யியலார் ஹென்றி பெர்க்சன் 1896இல் வெளியிட்ட நூலில் நினைவை இரண்டாகப் பிரித்தார்: ஒரு முறை மட்டுமே நிகழ்ந்த ஒன்றைக் காட்சியாக மீட்பது ஒன்று, மனப்பாடமான பாடம்போல் உடலில் பழக்கமாகத் தங்குவது மற்றொன்று. முன்னதையே உண்மையான நினைவென்று அவர் மதித்தார். ஆனால் பிரிட்டிஷ் வண்டியை உயிர்ப்பிக்கும் முறையைப் பார்த்தால் அம்மதிப்பீட்டைத் தலைகீழாக்கத் தோன்றுகிறது. பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். கார்புரேட்டரின் பக்கத்திலுள்ள சிறு பொத்தானைப் பெட்ரோல் கசியும் வரை அழுத்த வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தைப் பிந்தவைக்கும் சிறு நெம்புகோல் உள்ள வண்டியானால் அதைத் தள்ளி வைக்க வேண்டும், இல்லையேல் கிக்கர் எதிர்த்தடித்துக் காலைப் பதம் பார்க்கும். பிஸ்டன் காற்றை இறுக்கும் இடத்தைக் காலால் உணர்ந்து, சற்றே தாண்டவிட்டு, பின் உடல் எடை முழுவதையும் இறக்கி உதைக்க வேண்டும். அக்கால பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் வலக்காலிலும் பின்பிரேக் இடக்காலிலும் இருந்தன. கியர் இடப்புறமே இருக்க வேண்டுமென்று அமெரிக்கா 1970களின் நடுவில் விதித்தபின்பே ஏற்றுமதியை நம்பிய அந்நிறுவனங்கள் முறையை மாற்றின. இன்றைய வண்டியில் அவசரத்தில் கியரை மாற்ற எண்ணிப் பிரேக்கை மிதிக்கும் முதியவரின் வலக்கால் எந்தக் கதையையும் மெருகேற்றவில்லை. காட்சி நினைவைச் சரிபார்க்க வழியில்லை. பழக்க நினைவை வண்டியே உடனுக்குடன் சரிபார்த்துவிடும். ஆகவே, உறுப்புகள் எத்தனை மாறினாலும் ஓட்டுபவரின் உடலிடம் அதே வரிசையில் அதே செயல்களைக் கேட்பதில் வண்டியின் ஒருமை இருக்கிறது என்றும், அக்கேள்விக்கு உடல் தயங்காமல் விடையளிப்பதில் ஆளின் ஒருமை இருக்கிறது என்றும் கொள்வதற்கு இடமுண்டு.

இதனாலேயே இவ்வண்டிகளைப் புனிதச் சின்னங்களாகக் காணும் வழக்கமான ஒப்பீடு பொருந்தவில்லை. புனிதரின் எலும்பு பேழைக்குள் அசையாமல் இருந்தாலே அதன் பணி நிறைவேறிவிடும், ஓடாத வண்டியோ நினைவுகூர்வோருக்கு வெறும் இரும்பு. ஆனாலும் இவ்வரலாற்றில் சமயத்துக்கு உண்மையான இடமொன்று உண்டு. 100 மைல் வேகத்தைத் தொடத் துடித்த தோலாடை இளைஞர்களைச் செய்தித்தாள்கள் சமூகத்தின் தொல்லையாகச் சித்திரித்த காலத்தில், கிழக்கு லண்டனின் ஹாக்னி விக் பகுதியில் 1959இல் ஆங்கிலத் திருச்சபையின் இளைஞர் மன்றமாகத் தொடங்கிய '59 கிளப்'பில் பணியாற்றிய பில் ஷெர்கோல்ட் என்ற பாதிரியார், தாமும் ஒரு மோட்டார் சைக்கிளோட்டி என்ற உரிமையோடு, அவர்கள் கூடிய 'ஏஸ் கஃபே'வுக்கே சென்று வழிபாட்டுக்கு அழைத்தார். அவர்களுக்காக நடந்த ஆசிர்வாதத்துக்குச் சடங்கையும் கடந்த பொருள் இருந்தது, ஏனெனில் அந்த இளைஞர்களுள் பலர் சாலையில் மாண்டார்கள். முதுமையின் நினைவுப் பேச்சில் இந்த மரணங்கள் மெல்லவே ஒலிக்கின்றன. கடந்த அச்சத்தை அச்சமின்றியும் கடந்த துயரை மகிழ்ச்சியோடும் நினைக்க முடிவது எப்படி என்று புனித அகஸ்தீன் தம் 'ஒப்புரவுகள்' நூலின் பத்தாம் பகுதியில் வியந்தார். மழையில் நின்றுபோன எஞ்சினைச் சிரித்துக்கொண்டே விவரிப்பவரிடம் அவ்வியப்பு இனிமையாகவும், மாண்ட நண்பரைக் கடந்து செல்லும் பேச்சில் சற்றுக் கசப்பாகவும் விளங்குகிறது.

உடற்பழக்கத்தை அளவுகோலாகக் கொண்டால் எழும் தடை ஒன்று எஞ்சுகிறது, அது சென்னையிலிருந்து வருகிறது. இந்திய ராணுவம் வாங்கிய ராயல் என்ஃபீல்டு 'புல்லட்' வண்டிகளுக்காக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலை, இங்கிலாந்தின் தாய் நிறுவனம் 1970இல் மறைந்த பின்னரும் அதே வண்டியைச் செய்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் ஆலைகள் கியரை இடப்புறம் மாற்றிய பின்னும் புல்லட்டின் கியர் நெடுங்காலம் வலக்காலிலேயே இருந்தது. சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்ப்ரஷரை அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து உதைத்து, முதல் கியரை மேலே தூக்கி, நியூட்ரலுக்குக் குதிகாலால் தனி நெம்புகோலை மிதிக்கக் கற்ற சென்னைக்காரரின் வலக்காலுக்கும், தாய் நிறுவனத்தின் ரெடிச் ஆலையில் செய்த வண்டியில் பழகிய ஆங்கிலேயரின் வலக்காலுக்கும் பழக்கத்தில் வேறுபாடு சிறிதே. ஆகவே உடற்பழக்கம் ஒருவரைத் தனித்து அடையாளம் காட்டப் போதவில்லை. ஒரே விடையை உலகின் இரு மூலைகளில் இரு உடல்கள் தர முடிகிறது. நியாய நூலாரின் ஆன்மாவைவிட, பதிவு ஒன்றிடமிருந்து ஒன்றுக்குக் கைமாறிச் செல்லும் பௌத்தரின் தொடரோட்டமே இவ்விடத்தில் உண்மைக்கு நெருங்கி நிற்கிறது. அத்தொடர் ஓர் உடலுக்குள் மட்டும் ஓட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1977 முதல் திருவொற்றியூரின் புல்லட்டுகள் பிரிட்டனுக்கே விற்பனைக்குச் சென்றபோது, அவற்றை ஓட்டிப் பார்த்த ஆங்கிலேயர்கள் தம் இளமையின் வண்டி திரும்பி வந்தது என்று கருதினால், அக்கருத்தை மறுக்க மேற்கண்ட வாதங்களில் எதுவும் உதவாது.