முகவரி கொடுத்தவர் பொறுப்பு

இன்ன கிட்டங்கியில் சரக்கு இருக்கிறதென்று வாடிக்கையாளரை அனுப்புகிறோம். அவர் போனால் கதவு பூட்டிக் கிடக்கிறது. குறை கிட்டங்கிக்காரருடையதா, அனுப்பிய நம்முடையதா?

இக்கேள்வி எழுந்த காரணம் யாதெனில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலருக்கு நம்மவர் பழைய கடைத்தெருவைப் பற்றி எழுதி, ஆதாரமாக ஓர் இணையப் பக்கத்தின் முகவரியைக் குறித்திருந்தோம். சென்ற மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்து, "நானா, அந்தப் பக்கம் திறக்கவில்லையே" என்றார். பார்த்தோம், மெய்தான். நாம் பொய் எழுதவில்லை. எனினும் கல்லாவில் உட்கார்ந்தபடியே தலை குனிய நேர்ந்தது.

இணையப் பெயருக்கும் வருஷ வாடகை உண்டு. கட்டத் தவறினால் பெயர் கைமாறும். வீடு கொடுத்த கம்பெனியே கடையைச் சாத்துவதுமுண்டு. 2009ல் யாஹூ, ஜியோசிட்டிஸை மூடியபோது எண்ணற்ற பக்கங்கள் போயின. 2013ல் இருந்த பக்கங்களில் நூற்றுக்கு 38 பத்தாண்டில் மறைந்தனவென்று அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையம் 2024ல் கணக்குச் சொன்னது. அந்நாட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் குறித்த முகவரிகளிலேயே ஏறக்குறையப் பாதி, குறித்த செய்தியைக் காட்டவில்லையென்று 2014ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு கூறிற்று. நீதிபதிகள் கதியே இதுவென்றால் மளிகைக்கடைக்காரர் எம்மாத்திரம்!

பூட்டிய கதவைவிடக் கெட்டது ஒன்றுண்டு. கதவு திறக்கும், உள்ளே வாசகம் மாறியிருக்கும். அப்போது நாம் சொல்லாததற்கு நம் பெயர் ஜாமீன் நிற்கிறது.

பக்கம் அவருடையது, அழிக்க அவருக்கு உரிமையில்லையா என்று கேட்கலாம். உண்டு. தம் குடும்ப விஷயத்தை எழுதிப் பின்னர் வருந்தி எடுத்தவரின் எழுத்தை நாம் பிடித்து வைப்பது முறையாகாது. ஆனால் விலை, விதி, ஊர்ச் சரித்திரம் இவற்றைப் பொதுவில் சொன்னவர் வேறு. பேரேட்டில் தப்பு நேர்ந்தால் தாளைக் கிழிக்கிறோமா? கோடிட்டுத் தேதி போட்டுத் திருத்துகிறோம். மேலும், நம் எழுத்தை நம்பி வந்தவர் நம்மிடந்தான் வந்தார். அந்த அமானிதம் நம் கையில் இருக்கிறது.

வழியும் இருக்கிறது. 1996ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், 2001 முதல் பழைய பக்கங்களை எவரும் காணத் திறந்து வைத்திருக்கிறது. முகவரியைக் கொடுத்தால் அன்றைய நகலை எடுத்து வைக்கும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம், '.எஸ்ஜி' என முடியும் தளங்களை 2019 முதல் சட்டப்படி அனுமதி கேளாமலே சேமிக்கிறது. என்றாலும் 2024 அக்டோபரில் அந்த ஆர்க்கைவே தாக்கப்பட்டுச் சில நாள் முடங்கிற்று. ஆகவே ஒரு தாளில் அச்செடுத்து, பார்த்த தேதியும் எழுதி, மேஜையில் வைப்பது நலம்.

நாம் குறித்த பக்கத்தின் நகல் எங்கும் அகப்படவில்லை. எனவே அச்செய்தி ஆதாரம் காட்ட இயலாததென்று இதனால் அறிவிக்கிறோம். அதை அச்செடுத்து வைத்திருக்கும் சகோதரர் யாரேனும் இருப்பின் சங்கத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம்.