முன்னுரிமையின் அறம்

எல்லோரையும் சமமாக நடத்துவதே நீதி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒருவரை முன்னே விட்டு மற்றவரை நிறுத்திவைத்தால் அங்கே அநியாயம் நுழைந்துவிட்டதாக மனம் ஐயுறுகிறது. அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலில் இதை இன்னும் நுட்பமாகப் பார்த்தார். பங்கு தகுதிக்கேற்ப அமைய வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். தகுதி எது என்பதில்தான் பூசல். ஒருவர் செல்வத்தை அளவுகோலாக வைக்கிறார், இன்னொருவர் குடிப்பிறப்பை வைக்கிறார் என்றார். சமமின்மை எப்போது நீதியாகும் என்ற அந்தப் பழைய கேள்விக்கு, லினக்ஸ் கணினியில் பாட்டு இசைக்கும் ஒரு மீடியா பிளேயர் சர்வீஸ் தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறது. அதனுள் தனித்தனியே ஓடும் வேலை இழைகளான த்ரெட்டுகளில் எதற்கு எவ்வளவு ரியல்-டைம் முன்னுரிமை தருவது என்று முடிவுசெய்பவர், அறிந்தோ அறியாமலோ நீதி பற்றிய ஒரு தீர்ப்பைத்தான் எழுதுகிறார்.

ஒலி விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் சவுண்ட் கார்டுக்குப் போகிறது என்று கொள்வோம். 256 மாதிரிகள் கொண்ட ஒரு பஃபர் ஏறத்தாழ 5.3 மில்லி விநாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அடுத்த பஃபர் நிரம்பாவிட்டால் பாட்டில் ‘டப்’ என்று ஒரு வெட்டு விழும். பிறகு வரும் மாதிரிகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த வெட்டை ஆற்ற முடியாது. ஒலியை வெளியே தள்ளும் த்ரெட்டுக்குத் தேவைப்படுவது மிகச் சிறிய சிபியு நேரம்தான். ஆனால் அது உரிய கணத்தில் கிடைக்க வேண்டும். நாள் முழுவதற்குமாகக் கூட்டிப் பார்த்துச் சம பங்கு கொடுத்துவிட்டோம் என்று சொல்வது அதற்கு எந்த வகையிலும் ஈடாகாது. சாதாரண வேலைகளைப் பங்கிடும் லினக்ஸ் ஷெட்யூலரும் இதை உணர்ந்திருக்கிறது. 2007 முதல் சம பங்கையே குறியாகக் கொண்டிருந்த முறைக்குப் பதிலாக, 2023-இல் 6.6 கெர்னலோடு வந்த முறை ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காலக்கெடுவையும் கணக்கில் எடுக்கிறது. எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் நீதியின் பகுதிதான்.

எம்பிடி என்ற இசை சர்வீஸின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். லினக்ஸில் ரியல்-டைம் முன்னுரிமை 1 முதல் உச்சமான 99 வரை போகும். எம்பிடியின் சர்வீஸ் கோப்பு கேட்கும் உச்சம் 40. த்ரெட்டாக ஓடும் இன்டரப்ட் கையாளிகள் வழக்கமாக 50-இல் இருக்கின்றன. சவுண்ட் கார்டு எழுப்பும் அழைப்பை ஏந்தி வருபவை அவையே. ஆகவே, யாருடைய சேவையை நம்பி ஒரு வேலை நடக்கிறதோ அவருக்குக் கீழேதான் அந்த வேலை நிற்க வேண்டும். பாட்டுத் தொகுப்பைத் துழாவிப் பட்டியல் புதுப்பிக்கும் த்ரெட்டோ வேறு யாருக்கும் சிபியு தேவைப்படாத நேரத்தில் ஓடும்படி கீழே இறக்கப்பட்டிருக்கிறது. அது அற்பமான வேலை என்பதால் அல்ல. அது காத்திருந்தால் எதுவும் கெடாது என்பதால். சர்வீஸ் முழுவதற்கும் ஒரே வரியில் ரியல்-டைம் தகுதி எழுதிவிடும் பழக்கம் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. எல்லோரும் முன்னே நின்றால் முன்னே நிற்பவர் யாருமில்லை.

முன்னுரிமை நியாயமாக இருக்க, அதற்குரிய காரணம் மட்டும் போதாது, எல்லையும் வேண்டும். லினக்ஸ் நெடுங்காலமாக இயல்பாகவே ஒவ்வொரு விநாடியிலும் ரியல்-டைம் வேலைகளுக்கு 950 மில்லி விநாடிகளுக்கு மேல் தராமல், மீதியை மற்றவற்றுக்குக் காத்துவைத்தது. முன்னுரிமை பெற்ற த்ரெட் புதிதாக உருவாக்கும் த்ரெட்டுக்கு அந்தச் சலுகை போய்ச் சேராதபடி தடுக்கும் அமைப்பும் உண்டு: கடமைக்குக் கொடுத்தது பிறப்புரிமையாக மாறக் கூடாது. இவற்றைவிட ஆழமான பாடத்தை 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் தந்தது. அதில் ஓடியது லினக்ஸ் அல்ல, ஆனால் சிக்கல் அதேதான். வானிலைத் தரவு திரட்டும் கீழ்நிலை வேலை, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டுமே வைத்திருக்கக்கூடிய ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. அந்தப் பூட்டுக்காக மேல்நிலை வேலை காத்திருந்தது. இடைநிலை வேலைகள் புகுந்து கீழ்நிலை வேலையை ஓடவிடாமல் செய்தன. கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனது. பூட்டைப் பிடித்திருக்கும் கீழ்நிலை வேலை, காத்திருக்கும் மேல்நிலை வேலையின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெறும்படி பூமியிலிருந்தே மாற்றியமைத்த பிறகுதான் அது சீரானது. மேலே இருப்பவரின் கடமை கீழே இருப்பவரின் கையில் இருக்கும்போது, கீழே இருப்பவரைத் தூக்கிவிடுவதே மேலே இருப்பவருக்கும் நன்மை.

த்ரெட்டுக்கு வலி தெரியாது, அங்கே நீதி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். வலி கேட்பவருக்கு உண்டு. தீர்மானம் எழுதுபவரும் மனிதரே. தவிர, பரிவும் பகையும் கலவாத இடத்தில்தான் ஓர் ஒழுங்கின் தர்க்கம் தெளிவாகத் தெரிகிறது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: அவசரம் என்பதே அளவுகோலானால் எல்லோரும் தம் வேலையை அவசரம் என்பார்களே? அதனால்தான் அவசரத்தைச் சோதிக்க வேண்டும். 1973-இல் லியூ, லேலண்ட் இருவரும் வகுத்த விதி, எந்த வேலை குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்கே உயர்ந்த முன்னுரிமை தருகிறது. வேலையின் பெருமை அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. பஃபரைப் பெரிதாக்கினால் முன்னுரிமையே தேவைப்படாதே என்பாரும் உண்டு. பல இடங்களில் அது உண்மை. அங்கே சலுகையைத் திரும்பப் பெறுவதுதான் முறை. காத்திருக்க முடிகிறவருக்கு முந்திப்போகும் உரிமை இல்லை.

நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, காயம்பட்டவரின் பதவியைப் பாராமல் காயத்தின் கொடுமையைப் பார்த்தே முதல் சிகிச்சை தர வேண்டும் என்று வற்புறுத்தினார். அவருக்கும் சர்வீஸ் கோப்பில் ஓர் எண்ணை எழுதுபவருக்கும் கேள்விகள் ஒன்றே. தாமதித்தால் மீட்க முடியாதபடி எது போகும்? இந்தச் சலுகை எங்கே முடியும்? இதற்காகக் காத்திருப்பவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? இவற்றுக்கு விடை சொல்ல முடியாத முன்னுரிமையைக் கணினியிலும் கொடுக்காதீர்கள், மனிதரிடையிலும் கொடுக்காதீர்கள்.