பரிகாரமில்லாத ஜோசியம்

1869-ல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஷ்வொர்த் என்ற டாக்டர், புற்றுநோயில் இறந்துபோன ஒருவரின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கட்டிகளில் இருந்த அதே மாதிரி செல்கள் ரத்தத்திலும் இருந்தன. அவற்றை எண்ணித்தரும் 'செல்சர்ச்' கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004-ல். ஏழரை மில்லி ரத்தத்தில், ஆயிரக்கணக்கான கோடி சிவப்பணுக்களுக்கு நடுவே, புற்றுசெல் எத்தனை என்று சொல்லிவிடும். பரவிவிட்ட மார்பகப் புற்றுநோயில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் சகுனம் சரியில்லை.

எண்ணிக்கை பொய் சொல்வதில்லை. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், செல்கள் குறைவாக இருந்த பெண்களில் பாதிப்பேர் 35 மாதம் தாண்டினார்கள். முதல் சுற்று கீமோவுக்குப் பிறகும் எண்ணிக்கை இறங்காதவர்களுக்கு அது 13 மாதம். சரி என்று இவர்களில் ஒரு பாதிக்கு உடனே மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை.

இங்கேதான் இடிக்கிறது. நம்மூர் ஜோசியர் கண்டம் என்றால் கையோடு திருக்கடையூர் போய்வரச் சொல்வார். பலிக்கிறதோ இல்லையோ, செய்ய ஒரு காரியம் கிடைக்கும். இது கண்டத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கைகழுவிக்கொள்கிறது.

பரிகாரம் இல்லையென்றால் தெரிந்து என்ன பிரயோஜனம்? இருக்கிறது. உயில் எழுத, பத்து வருஷமாகப் பேசாத தம்பியைக் கூப்பிட்டுப் பேச, அடுத்த கீமோ வேண்டாம் என்று சொல்ல, 13 மாதம் நல்ல அவகாசம். ஆனால் இதெல்லாம் நோயாளி செய்யவேண்டிய காரியங்கள். நம் வீடுகளில் ரிப்போர்ட் யார் கைக்குப் போகிறது? 'அப்பாகிட்ட சொல்லிராதீங்க டாக்டர், தாங்கமாட்டார்' என்று பிள்ளைகள் வாசலிலேயே மடக்கிவிடுகிறார்கள். ரத்தம் மட்டும்தான் அவருடையது.

இப்போது சந்தை ஆரோக்கியமானவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. (நோயாளிகளைவிட நாம் எண்ணிக்கையில் அதிகம்.) இந்த டெஸ்ட்கள் முழு செல்லை விட்டுவிட்டு, அது உதிர்த்த டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடுகின்றன. 2023-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஐம்பது வயதைத் தொட்ட 6,600 சொச்சம் பேரில் 92 பேருக்கு மணி அடித்தது. அதில் 57 பேருக்குப் புற்றுநோயே இல்லை. அது தெரிவதற்குள் ஸ்கேன், சிலருக்கு பயாப்ஸி, எல்லோருக்கும் தூக்கம் போயிருக்கும். 2024 டிசம்பரில் ரிலையன்ஸைச் சேர்ந்த ஸ்ட்ராண்ட் நிறுவனம் இந்தியாவிலும் இப்படியொரு டெஸ்டைக் கொண்டுவந்தது.

மாஸ்டர் செக்கப்போடு இதையும் சேர்த்துப் பிள்ளையே பணம் கட்டிவிடலாம். எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. ஊசி குத்துமுன் நர்ஸ் அந்தப் பெரியவரைக் கேட்கணும்: 'சார், ஏதாவது வந்தா உங்ககிட்ட சொல்லவா, உங்க பையன்கிட்ட சொல்லவா?'

நிறைய அப்பாக்கள் 'அவன்கிட்டயே சொல்லிடும்மா' என்பார்கள். சொல்லட்டும்.