இயந்திரம் ஆப்தனாகுமா?

1906-ஆம் ஆண்டில் வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூரில் நிறுவிய சம்ஸ்கிருதக் கல்லூரிக்கும், 1978-இல் டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் தொடங்கி இன்று நுங்கம்பாக்கத்தில் விளங்கும் சங்கர நேத்ராலயத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஆயினும் முன்னதற்குரிய நியாய சாஸ்திரம், பின்னதில் எழுந்துள்ள கேள்வி ஒன்றுக்கு விடை சொல்ல வல்லது என்று எண்ணிப் பார்ப்போர் அரியர். நோயாளியின் படத்தைப் பார்த்து, ரண சிகிச்சை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஓர் இயந்திரம் கூறுமானால், அக்கூற்று எவ்வகைப் பிரமாணம், அதாவது அறிவுக்கு எவ்வகைச் சான்று, என்பதே அக்கேள்வி.

நீரிழிவினால் விழித்திரைக்கு வரும் கேட்டைக் கண்டறியும் கூகுளின் செயற்கை நுண்ணறிவுக் கருவி, மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும் சங்கர நேத்ராலயத்திலுமாக 3,049 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2019-இல் வெளியான முடிவின்படி, படம் பார்த்துத் தரம் பிரிக்கும் மனிதர்களுக்கு ஈடாகவோ ஒருபடி மேலாகவோ நின்றது. அதே வகைக் கருவி தாய்லாந்தின் சிறு மருத்துவ நிலையங்களுக்குச் சென்றபோது, 1,838 படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றை, தெளிவில்லை என்று பார்க்கவே மறுத்துவிட்டது. அறையை இருட்டாக்க வசதியில்லாமையும் அதற்கொரு காரணம்.

நம்பத்தக்க சொல்லுக்குரியவனை நியாய சாஸ்திரம் ஆப்தன் என்கிறது. அவன் பொருளைத் தானே நேரில் உணர்ந்தவனாகவும், உணர்ந்தபடியே பிறர்க்குரைக்கும் விருப்பமுடையவனாகவும் இருத்தல் வேண்டும் என்று வகுத்த நியாய பாஷ்யகாரர் வாத்ஸ்யாயனர், இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்றார். அத்தனை தாராள மனம் படைத்தவரும் இயந்திரத்தை இவ்வரிசையில் சேர்த்திருக்க மாட்டார். ஏனெனில் அது நோயை உணர்ந்ததுமில்லை, நமக்கு உரைக்க விரும்புவதுமில்லை. ஆகவே அதன் கூற்று, ஆப்தனின் சொல்லாகிய சப்தப் பிரமாணம் ஆகாது. முன் கண்ட படங்களில் அடையாளமும் நோயும் சேர்ந்தே வருதலாகிய வியாப்தியைக் கொண்டு செய்யும் அனுமானமேயாகும். அனுமானம் என்று ஒப்புக்கொண்ட கணமே, அதற்குரிய தோஷங்களைத் தேடும் கடமையும் வந்து சேர்கிறது.

அவற்றுள் நுட்பமானது உபாதி. நெருப்புள்ள இடமெல்லாம் புகையுண்டு என்பது பொய். பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகின் சேர்க்கை என்ற மறைந்த நிபந்தனை அங்கே விடுபட்டுப் போயிற்று. 2019-இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் ஆய்வாளர்கள் இதையே வேறு உருவில் கண்டார்கள். வெட்டி எடுக்க வேண்டிய மருவைச் சுற்றி ரண சிகிச்சையாளர் ஊதா மையால் குறியிடுவது வழக்கமல்லவா? தோல் புற்றை அறியும் கருவி ஒன்று, குறியில்லாதபோது தீங்கற்ற மருக்களில் நூற்றுக்கு 84-ஐத் தீங்கற்றவை என்று சரியாக விலக்கியது. அதே மருக்களுக்கு மையிட்டுக் காட்டியபோது அவ்வெண் 46-ஆகச் சரிந்தது. கற்ற படங்களில் புற்றும் மையும் சேர்ந்தே வந்திருந்தமையால், மையையே நோயின் அடையாளமாக அது கொண்டுவிட்டது போலும்! நம் ஊர்க் கருவிகளில் எந்த மை மறைந்திருக்கிறதென்பதை நம் ஊர் நோயாளிகளிடம் சோதித்துத்தான் அறிய முடியுமேயன்றி, வெளியூர்ச் சான்றிதழால் அறிய முடியாது.

ஞானத்தின் பிராமாண்யம், அதாவது மெய்த்தன்மை, அந்த ஞானத்திலேயே அடங்கியது, அதை மறுக்கும் பாதகம் வரும்வரை ஐயுற வேண்டுவதில்லை என்பர் மீமாம்சகர். அறுவை மேசையருகே கத்தியுடன் நிற்பவர் தம் கண்ணை இவ்வாறு நம்பியே தீர வேண்டும். இல்லையேல் கை ஓடாது. ஆனால் பத்துமுறை சரியாகச் சொன்ன கருவியைப் பதினோராம் முறையும் அவ்விதமே நம்புவது, மீமாம்சகரும் இசையாத சோம்பல் என்பேன். இங்கே நியாய சாஸ்திரிகளாகிய நையாயிகரின் பக்கமே நியாயம் இருக்கிறது: பிராமாண்யம் வெளியிலிருந்து வருவது, நீர் என்று தோன்றியதை நாடிச் சென்று அருந்தித் தாகம் தீர்ந்தால்தான் அது நீர்.

தாகம் தீர்ந்ததா என்பதை யார் பார்ப்பது? புற்றுநோயில் அதற்கு ஆண்டுக்கணக்காகும். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் தோற்றுவித்த புற்றுநோய் நிலையம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தின்கீழ், எண்பதுகளின் தொடக்கம் முதலாகச் சென்னை நகரின் புற்றுநோயாளிகளைப் பதிவு செய்து வருகிறது. அக்கழகமே 2023-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், செயற்கை நுண்ணறிவின் முடிவுகளுக்கு மேல் மனிதரின் மேற்பார்வை வேண்டும் என்றது. மேற்பார்வை என்பது கையொப்பத்தோடு முடிவதாயின் பயனில்லை. கருவி சொன்னதையும், மருத்துவர் செய்ததையும், நோயாளி பின்னர் அடைந்ததையும் ஒரே ஏட்டில் தொடர்ந்து எழுதிவரும் குமாஸ்தாவின் வேலையே இதில் பெரும்பகுதி. கருவியை விற்க வருபவர்களின் விலைப்பட்டியலில் அவருடைய சம்பளம் இடம்பெறுவதில்லை.