எதற்கெல்லாம் பதில் வேண்டும்?

ஆர்டர் என்பது பால் டேவிஸ் எழுதத் தொடங்கிய திறந்தமூல ஒலிப்பதிவு மென்பொருள். டேப்லெட் போன்றவற்றிலிருந்து அதை இயக்க உதவும் செய்திமுறை ஓஎஸ்சி. அந்த ஓஎஸ்சி அமைப்புக்குள் போனால் ஃபீட்பேக்குக்கென்று, அதாவது மென்பொருள் திருப்பி அனுப்பும் பதில்களுக்கென்று, தனிப் பக்கம் இருக்கிறது. வரிசையாகச் சிறு கட்டங்கள். மியூட், சோலோ பட்டன்களின் நிலையைச் சொல்லட்டுமா, ஃபேடர் எங்கே நிற்கிறது என்று சொல்லட்டுமா, மீட்டரை அனுப்பட்டுமா, நேரத்தை அனுப்பட்டுமா? எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டுப் போகத்தான் கை துடிக்கும். இந்தப் பக்கத்தில் நிதானமாக உட்காரலாம் என்று நினைக்கிறேன்.

*

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். சிலவற்றை மட்டும் சொன்னால், பட்டன்களுக்கு 1, ஃபேடர் மதிப்புகளுக்கு 2, இதயத்துடிப்புக்கு 8, மாஸ்டர் பகுதிக்கு 16, தாள அளவுக்கு 32, டைம்கோடுக்கு 64. வேண்டியவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக அனுப்பினால் போதும். எண்கள் இரட்டித்துக்கொண்டே போவதால் எந்தக் கூட்டுத்தொகையையும் ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும். 19 என்றால் பட்டன், ஃபேடர், மாஸ்டர். வேறு எதுவும் இல்லை. என் கவனம் எங்கெல்லாம் போகும் என்பதை ஒரே எண்ணில் எழுதிவைக்க முடிவது எனக்குப் பிடித்திருக்கிறது.

*

பதிலே இல்லாவிட்டால் என்ன ஆகும்? மவுஸால் குரலின் அளவைக் குறைத்திருப்போம். டேப்லெட்டில் குரலின் ஃபேடர் பழைய உயரத்திலேயே நிற்கும். அதைத் தொட்ட கணம் குரல் எகிறும். கைக்கும் ஒலிக்கும் நடுவே ஒரு பொய் புகுந்துவிட்டது என்று பொருள்.

மோட்டார் இல்லாத மிடி பெட்டிகளில் இதற்கு வேறு வழி. மென்பொருளில் இருக்கும் மதிப்பை ஃபேடர் கடந்து போகும்வரை அதன் அசைவை ஆர்டர் பொருட்படுத்தாது. கை வந்து சேரும்வரை காத்திருக்கும். மோட்டார் உள்ள பெட்டி என்றால் ஃபேடரே நகர்ந்து சரியான இடத்துக்கு வந்துவிடும். 1970களின் பிற்பகுதியிலேயே நீவ் நிறுவனத்தின் நெகாம், கலவை மேசையின் ஃபேடர்களை மோட்டாரால் நகர்த்தியது. ஆள் தொடாமல் ஃபேடர்கள் ஏறி இறங்குவதை முதன்முதலாகப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

ஆனால் மோட்டாருக்கும் ஒரு நாகரிகம் வேண்டியிருக்கிறது. விரல் ஃபேடரைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே மென்பொருளும் பதில் அனுப்பினால், கையும் மோட்டாரும் ஒன்றையொன்று இழுக்கும். அதனால்தான் நல்ல ஃபேடர்கள் விரலின் தொடுகையை உணர்கின்றன. விரல் இருக்கும்வரை மோட்டார் அடங்கி இருக்கும்; எடுத்தபின்தான் பேசும். மூத்தவர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பதைப் போன்ற அடக்கம் அது.

*

512 என்ற எண்ணோடு எனக்குத் தனி உறவு. ஒரு ட்ராக்கில் ஒலி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் விளக்கு அது. மைனஸ் 40 டெசிபலுக்கு மேல் போனால் எரியும். மிருதங்கத்துக்கும் வயலினுக்கும் அது கச்சிதம். பின்னணியில் மெல்லச் சுருதி தரும் தம்புராவைத் தாழ்ந்த அளவில் பதிந்திருந்தால் விளக்கு எரியாமலே போகலாம். காதில் தம்புரா நிறைந்திருக்கும். திரையோ அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லும். விளக்கின் மேல் குற்றமில்லை. அதற்குக் கொடுத்த எல்லைக்குள் அது உண்மையைத்தான் சொல்கிறது. அந்த எல்லை தெரிந்தவர்கள் விளக்கை நம்பலாம். தெரியாதவர்கள் தம்புரா மைக்கைச் சோதிக்க ஓடுவார்கள்.

*

ஆர்டரின் ஓஎஸ்சி செய்திகள் யுடிபி வழியாகப் போகின்றன. வழியில் ஒரு செய்தி தொலைந்தால் யாரும் அதைத் திரும்ப அனுப்புவதில்லை. வைஃபையில் இது நடக்கக்கூடியதே. அப்போது டேப்லெட் கடைசியாகக் கேட்டதையே காட்டிக்கொண்டிருக்கும். ஒன்றும் மாறவில்லையா, அல்லது தொடர்பே அறுந்துவிட்டதா? இரண்டு மௌனங்களும் பார்க்க ஒரேமாதிரி இருக்கும். இதயத்துடிப்பு இதற்காகத்தான்: ஒன்று, பூஜ்யம் என மாறி மாறி வந்துகொண்டே இருக்கும் ஒரு சிறு செய்தி. ஒலியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் மற்ற பதில்களையெல்லாம் நம்பலாமா என்பதை அதைப் பார்த்துத்தான் அறிகிறேன். 8ஐ நான் ஒருபோதும் நீக்குவதில்லை.

*

மீட்டர்தான் கடினமான கேள்வி. அது ஆடிக்கொண்டே இருக்கும். ஆடும் பொருளின் மேல் கண் போகாமல் இருக்காது. கண் போனால் தீர்ப்பும் அங்கே போய்விடும். வயலின் மீட்டர் குட்டையாகத் தெரிகிறதே என்று ஃபேடரைக் கொஞ்சம் ஏற்றுவோம். காது அதைக் கேட்டிருக்கவே இல்லை. பல ட்ராக்குகளின் மீட்டர்கள் இடைவிடாமல் வருவதால் வைஃபைக்கும் சுமை. ஆனால் எனக்குச் சுமை முக்கியமில்லை. கலவை என்பது ஒன்றையொன்று கேட்டு நிற்கும் குரல்களின் உறவு. அந்த உறவைக் கம்பங்களின் உயரத்தில் பார்க்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன். நேரம் காட்டுபவையும் வேண்டாம். அதற்குக் கணினித் திரை போதும்.

*

ஆக, 1, 2, 8, 16, 512. கூட்டினால் 539. மிக்ஸிங்குக்கு இதுவே என் எண்.

பதிவு வேறு வேலை. தனியாவர்த்தனத்தின் உச்சத்தில் மிருதங்கம் எல்லை மீறினால் பிறகு திருத்த வழியில்லை. காது அதைப் பிடிப்பதற்குள் அடி விழுந்திருக்கும். அங்கே மீட்டர் வேண்டும், அதுவும் டெசிபலில். ஆகவே பதிவின்போது அந்த மீட்டருக்குரிய 128ஐச் சேர்த்து 667 என்று அனுப்புகிறேன். பதிவு முடிந்து மிக்ஸிங் தொடங்கும் முன் 128ஐக் கழித்துவிடுகிறேன்.