பிறந்தநாள் பயணம்

அடிவாரத் தாணிப்பாறையில் கூட்டமாகக் கிளம்புகிறவர்களும் சதுரகிரி மலை ஏற்றத்தில் அவரவர் காலை நம்பித்தான் நடக்கிறார்கள். பிறந்தநாளுக்கு அண்டை நாடு போகும் வத்திராயிருப்புப் பிள்ளைகளே, உங்களுக்கும் அதுதான் வழி. நேபாளத்துக்குள் போக நமக்கு வாக்காளர் அட்டையே போதும். காத்மாண்டுவை நண்பர்களோடு சுற்றுங்கள். லும்பினிக்குத் தனியாகப் போங்கள்.

புத்தர் பிறந்த அந்த ஊருக்கு, முடிசூடி 20 ஆண்டுகள் ஆனபின் அசோகர் நேரில் வந்தார். கல்தூண் நாட்டினார். அவ்வூரின் வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு தந்தால் போதும் என்றார். இதைச் சொல்லும் பிராமி எழுத்துகள் இன்றும் அந்தத் தூணில் இருக்கின்றன.

ஒரு பிறப்பைக் கொண்டாட இப்படிச் சுமை குறைப்பதைவிட நல்ல வழியில்லை. இந்தப் பிறந்தநாளில் ஒருவர் சுமையையாவது குறையுங்கள்.