ஆளுக்கு ஆறு நிமிடம்

முதியோர் இல்லமொன்றில் காலை ஆறு முதல் எட்டு வரை இருபது பேருக்கு ஒரே பணியாளர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆறு நிமிடம். அதற்குள் டயப்பர் மாற்றி, உடம்பு துடைத்து, இட்லியும் ஊட்டியாக வேண்டும். முதல் வாய் தொண்டையில் இறங்குமுன் அடுத்த வாய் வந்து நிற்கும். பக்கவாதம் கண்டவருக்குப் புரையேறினால் இருமலோடு போகாது. நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகலாம்.

இது கண்ணுக்குத் தெரியும் கேடு. தெரியாத கேடு வேறு. நடுங்கும் கையால் தானே அள்ளிச் சாப்பிடும் பாட்டிக்கு அரை மணி நேரம் ஆகும். ஊட்டிவிட்டால் ஐந்து நிமிடம். கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு நடத்திப்போவதைவிட டயப்பர் கட்டிவிடுவது சுலபம். சில வாரங்களில் கை ஓய்ந்துவிடும், கால் நடை மறந்துவிடும். இன்று மிச்சமான நிமிடங்கள் நாளை இரட்டிப்பு வேலையாக அதே பணியாளர் தலையில் விழும்.

முதுமையில் மனிதத் தோல் காகிதமாக மெலிகிறது, சட்டையை வெடுக்கென்று உருவினாலே கிழிகிறது. படுக்கைப்புண் வராமலிருக்க, படுத்த படுக்கையானவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப்போடச் சொல்லித்தான் செவிலியருக்குக் கற்பிக்கிறார்கள். இரவு முழுக்க ஒற்றை ஆளென்றால் அது பாடமாகவே நிற்கும்.

'ஆயா முரடு' என்கிறார்கள் உறவினர்கள். அடிக்கும் கைக்கும் வையும் வாய்க்கும் ஆள் பற்றாக்குறை சமாதானம் ஆகாது. ஆனால் அவசரம் ஆயாவின் குணமன்று. ஆள் கணக்கைத் தீர்மானித்தவரின் முடிவு. எந்தத் தாத்தா பேச ஏங்குகிறார் என்று ஆயாவுக்குத் தெரியும். தெரிந்தே தினமும் கடந்துபோகிறவருக்கு மனம் மரத்துப்போகிறது. இடுப்பு வலியைவிடப் பெரிய காயம் அது.

மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, அதில் ஆதரவற்ற 150 பேருக்காவது இடம் என்கிறது. எத்தனை பேருக்கு ஒரு பணியாளர் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. தரத்தை வகுக்கும் பொறுப்பை மாநிலத்திடம் விட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணையம் 2019இல் தந்த இடைக்கால அறிக்கைக்குத் தலைப்பே 'புறக்கணிப்பு'. அங்கே 2024 அக்டோபர் முதல் ஒருவருக்கு நாளுக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு இலக்கு. அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற செவிலியருடையது.

ஆள் கூடினால் கட்டணம் கூடும். தறியோட்டிப் பிழைக்கும் வீடு அதைத் தாங்காது; அவசரத்தில் நடக்கும் இந்த இல்லமும் இல்லையென்றால் பெரியவர் பகலெல்லாம் பூட்டிய வீட்டில் கிடப்பார். இந்த வாதத்தை உதற முடியவில்லை. ஆனாலும் எட்டு மணிக்குள் எல்லோரும் குளித்தாக வேண்டும் என்பது யார் வைத்த விதி? மெல்லச் சாப்பிடுகிறவர் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் யாருக்கு நட்டம்? இதற்குக் காசு வேண்டாம்.

பெற்றவர்களுக்கு இல்லம் பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸ் தரையையும் பூந்தொட்டியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு முடியும்வரை கூட உட்கார்ந்திருங்கள்.